தீர்மானத்துக்கும் மழை நாள் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி முதல் நாள் தங்கள் நாளிதழில் வாசகர்கள் அனுப்பியிருந்த புத்தாண்டுத் தீர்மானங்கள் ஒரு முழுப்பக்கத்தில் வெளிவந்திருந்தன. அவற்றை என் தாயாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவருக்கு வயது 83. எழுதப் படிக்கத் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "நாள் தவறாமல் நடப்பேன்", "இனி ஒருநாளும் சீனியைத் தொடமாட்டேன்", "தினமும் ஒரு மணி நேரம் படிப்பேன்" என்று அடுத்தடுத்து வந்த வரிகளைக் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "இவங்க ஊர்ல மழையே பேயாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இரண்டு வாரங்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பால்மரக் காடுகள் செம்பனையாகவும் தாமான்கள் எனும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்ட நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இன்று வளரும் பிள்ளைகளுக்கு அவர் கேட்டதன் பொருள் விளங்காமல் போகலாம் என்பதால் சற்று விளக்குகிறேன். மரம் வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பதன்று. உளியால் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, ஊறும் பாலைச் சாய்வான கோட்டின் வழியே மங்கு எனும் கிண்ணத்தில் இறக்குவது. விடியற்காலையில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால், என் தாயார் நான்கு மணிக்கே எழுந்து, பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தம் மர வரிசையான நிரைக்குப் போவார். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டக் கூடாது. மீறி வெட்டினால் பால் கோட்டில் நில்லாமல் ஈரப் பட்டையெங்கும் பரவி மண்ணில் வழிந்துவிடும். வெட்டிய இடத்தில் பூசணம் பிடித்துப் பட்டையும் கெடும். இதைவிடப் பெரிய விதியும் ஒன்று உண்டு. மழையே இல்லாவிட்டாலும் ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டுவதில்லை. இன்று ஒரு பங்கு மரங்கள், நாளை இன்னொரு பங்கு என்று ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே வழக்கம். ஓய்வு கொடுக்காமல் வெட்டிய மரத்தின் பட்டை வறண்டுவிடும். பிறகு எத்தனை ஆழம் சீவினாலும் பால் வராது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிர்ந்து துளிர்விடும் பருவத்தில் பால் தானாகவே குறையும். அதற்காக எவரும் மரத்தை நொந்துகொண்டதில்லை.

மரத்துக்கு நாம் கொடுத்த இந்த இடைவெளியை நம் உடலுக்கும் மனத்துக்கும் கொடுக்க மறுக்கிறோம். ஜனவரி முதல் நாளிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் நம்மையே வெட்டிப் பால் எடுக்கப் பார்க்கிறோம். பத்தாம் நாளில் பால் நின்றுவிட்டால், நம்மிடம் மன உறுதி இல்லை என்று தீர்ப்பெழுதி, அந்த ஆண்டையே கைவிட்டுவிடுகிறோம்.

மழை நாளை என் தாயார் விடுமுறையாகக் கொண்டாடவில்லை. அது கூலி போன நாள். வீட்டில் முகங்கள் வாடியிருக்கும் நாள். ஆயினும் அன்று அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசற்படியில் பழைய சாக்கை விரித்து அமர்ந்து, தீட்டுக்கல்லைத் தண்ணீரில் நனைத்து, உளியின் வளைந்த முனையை உள்ளும் புறமுமாகத் தேய்ப்பார். நாலைந்து தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்தி, கட்டைவிரல் நகத்தின் மீது முனையை மெல்ல வைத்து இழுத்துப் பார்ப்பார். நகத்தில் அது வழுக்கினால் மீண்டும் கல்லுக்குப் போகும். மெல்லிய வெள்ளைச் சுருளாக நகம் சீவப்பட்டால் துணியில் சுற்றி எடுத்து வைப்பார். மழுங்கிய உளி பட்டையைப் பிய்க்கும், ஆழப் போய் மரத்தைக் காயப்படுத்தும், காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பதையெல்லாம் நான் அந்த வாசற்படியில்தான் கற்றேன். வெட்ட முடியாத நாளிலும் அவர் மரத்தை விட்டு விலகவில்லை என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

நான் இதைக் காலம் கடந்து கற்றவள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஆண்டில், அரசாங்கக் கிளினிக் ஒன்றில் எனக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பதாகச் சொன்னார்கள். மறு ஜனவரியில், நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்குத் திடலைச் சுற்றி ஐந்து முறை நடப்பேன் என்று முருகன் படத்துக்கு முன் நின்று உறுதி எடுத்தேன். ஒன்பது நாள் நடந்தேன். பத்தாம் நாள் மழை. பதினோராம் நாள் ஓர் உறவினர் வீட்டில் இறப்பு. பன்னிரண்டாம் நாள் எழுந்தபோது, தவறிவிட்ட பிறகு இனி நடந்து என்ன பயன் என்ற எண்ணமே முதலில் வந்தது. அடுத்த ஜனவரி வரை அந்தத் திடல் பக்கமே நான் போகவில்லை. இரண்டு நாள் தவறியதால் எனக்கு எந்தக் கேடும் வந்திருக்காது. அதற்காக முந்நூற்று ஐம்பது நாளைத் தூக்கி எறிந்ததுதான் கேடு.

மறு ஆண்டு தீர்மானத்தை மாற்றினேன். வாரத்தில் ஐந்து நாள் நடப்பேன் என்று குறைத்துக்கொள்ளவில்லை. ஏழு நாளும் நடப்பதுதான் நோக்கம். ஆனால் வாரத்துக்கு இரண்டு மழை நாள்களை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டேன். எடுத்தால் நாள்காட்டியில் நீல மையால் ஒரு புள்ளி. மூன்றாவது நாள் கிடையாது. வானம் இருட்டினால் கடைத்தெருவின் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பேன். கால் வலித்தால் அன்று உளி தீட்டும் நாள்: காலணியைக் கழுவிக் காயவைப்பேன், மருத்துவக் குறிப்பேட்டை எடுத்துச் சென்ற மாத அளவுகளைப் பார்ப்பேன். நான்காம் ஆண்டாக இது தொடர்கிறது. பல வாரங்களில் அந்த இரண்டு நாளையும் எடுக்க மனம் வரவில்லை என்பது நானே எதிர்பாராதது.

ஈப்போவில் தாதியாகப் பணிபுரியும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, இதே கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக் காட்டினாள். அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டாண்டு பின்தொடர்ந்தார். ஒரு வாரம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 77 பேர். இரண்டாண்டின் முடிவில் நிலைத்தவர்கள் 19 பேர் மட்டுமே. நான் வியந்தது அந்த வெற்றியாளர்களைப் பற்றிய செய்தியைக் கேட்டுத்தான். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் நடுவில் சறுக்கியவர்கள். அந்த இரண்டாண்டில் சராசரியாக 14 முறை சறுக்கியிருக்கிறார்கள். வென்றவர்களும் விழுந்தவர்கள்தாம், விழுந்த இடத்திலேயே அமர்ந்துவிடவில்லை, அவ்வளவுதான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்து 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒரு செயல் பழக்கமாவதற்குப் பலருக்கும் 66 நாள் அளவில் ஆவதாகவும், ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுவதாகவும், இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் பெரிதாகப் பின்னடைவதில்லை என்றும் கண்டது. நான் பன்னிரண்டாம் நாளில் என்னைத் தோற்றவளாக எண்ணிக்கொண்டதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

என் தாயாரின் மழை நாளுக்கு மிக அருகில் வரும் ஆய்வு ஒன்றை 2017இல் மரிஸ்ஸா ஷரீஃப், சூசன் ஷூ என்னும் இருவர் வெளியிட்டனர். ஒரு சாரார் ஒரு வாரத்தில் ஏழு நாளும் கணினியில் ஒரு சிறு வேலையைச் செய்ய வேண்டும்; இன்னொரு சாராருக்கு ஐந்து நாள் போதும்; மூன்றாம் சாராருக்கு ஏழு நாள் இலக்கு, ஆனால் அவசரத்துக்கென இரண்டு நாள் கையிருப்பு உண்டு. மூன்றாம் சாராரில் பாதிக்கு மேற்பட்டோர் இலக்கை எட்டினர். மற்ற இரு சாராரிலும் எட்டியவர்கள் நூற்றுக்கு முப்பது பேருக்கும் குறைவு. வேலையைக் குறைப்பதைவிட, முழு வேலையை ஏற்று, தவறுவதற்கு அளவான இடம் விடுவதே பலன் தருகிறது.

"நெகிழ்வு என்றால் சோம்பலுக்குக் கதவு திறப்பது" என்று என் வயதையொத்த ஆசிரியர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களின் அச்சம் நியாயமானதே. காய்ந்த பட்டையைப் பார்த்துக்கொண்டே இன்று மழை என்று சொல்பவரை தோட்டத்து மேற்பார்வையாளரான எந்த மண்டோரும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆகையால் கையிருப்பு நாள்களின் எண்ணிக்கையை முன்னதாகவே முடிவு செய்து, எடுத்ததை எழுதி வைக்க வேண்டும். அதோடு, எல்லாவற்றுக்கும் மழை நாள் கிடையாது. இனிப்புநீர் மாத்திரைக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் கிடையாது. அறவே நிறுத்துமாறு மருத்துவர் சொல்லிவிட்ட மதுவுக்கும் கிடையாது. நம் லயங்களில் கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களைச் சாய்த்தது என்று கண்ணால் கண்டவள் நான். அங்கே நெகிழ்வைப் பேச எனக்கு மனம் ஒப்பாது.

தீர்மானத்தின் அளவைப் போலவே அதன் வடிவத்தையும் நாம் மாற்றிப் பார்க்கலாம். தங்கள் பக்கத்தில் வந்த தீர்மானங்களில் பெரும்பாலானவை "செய்ய மாட்டேன்" என்று முடிந்திருந்தன. சுவீடனில் 1,066 பேரைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஒன்றைச் செய்வேன் என்று தீர்மானித்தவர்களில் 58.9 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் அதில் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். ஒன்றைத் தவிர்ப்பேன் என்றவர்களில் அது 47.1 விழுக்காடு. எங்கள் தாமானில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். பாலும் இனிப்பும் கலந்த தே தாரிக் தேநீரை ஒரு நாளைக்கு ஐந்து குவளை குடித்தவர். "இனிப்பை விடுகிறேன்" என்று மூன்று முறை சொல்லி மூன்று முறையும் தோற்றவர். இப்போது அவர் எதையும் விடவில்லை. எந்தக் கடையில் வண்டியை நிறுத்தினாலும் முதல் குவளை பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங், அதைக் குடித்து முடித்த பிறகும் வேண்டுமென்றால் மட்டுமே தே தாரிக் என்று வைத்திருக்கிறார். பல நாள்களில் இரண்டாம் குவளை வேண்டியிருப்பதில்லையாம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நம் சமூகத்தில் அந்நோய் இன்னும் அதிகம். அப்படியிருக்க அந்த ஒரு குவளையை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை.

புத்தாண்டில் வாக்குறுதி கொடுக்கும் வழக்கம் பாபிலோனியரிடம் தொடங்கியது என்றும், இரவல் வாங்கியவற்றைத் திருப்பித் தருவதாகவும் கடனை அடைப்பதாகவும் அவர்கள் தம் தெய்வங்களுக்கு உறுதி கூறினர் என்றும் சொல்வர். அதை அறிந்த ஆண்டில் நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் பெரிய சட்டி, ஒரு தோழியின் புடவை, பள்ளி நூலகத்துக்குச் சேர வேண்டிய இரண்டு புத்தகங்கள். மூன்று நாளில் முடிந்துபோன அந்தத் தீர்மானம் தந்த நிம்மதியை, ஆண்டு முழுதும் இழுத்த தீர்மானங்கள் தந்ததில்லை. ஆண்டுத் தீர்மானம் என்றால் ஆண்டு முழுவதும் நீள வேண்டும் என்று யார் விதித்தார்கள்?

உண்மையில் நம் மரபில் எல்லை வகுத்த உறுதிதான் வலுவானது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் 48 நாள் விரதம் இருப்பார். இயலாதவர் தம் உடல்நிலைக்கும் வேலைக்கும் ஏற்ப அதைக் குறைத்துக்கொள்வார். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் வேண்டுதலை நிறைவேற்றியதும் விரதத்தை முறையாக முடிப்பார். ஆண்டு முழுவதும் சிகரெட்டை விட முடியாத இளைஞர்கள் அந்த 48 நாளும் அதைத் தொடாமல் இருப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அடுத்த மாதமும் அப்படியே இருந்தால் என்ன என்று அவர்களிடம் கேட்க வேண்டிய பொழுது, தைப்பூசத்துக்கு மறுநாள். மேலும், இந்த நாட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் பேறு, தொடக்க நாள்கள் பல இருப்பது. ஜனவரியில் தவறியதைப் பொங்கலன்று தொடங்கலாம். அதுவும் தவறினால் சீனப் பெருநாள் வருகிறது. அதன் பிறகு ஏப்ரல் நடுவில் சித்திரை முதல் நாள். புதிய வாரம், புதிய மாதம், பிறந்தநாள் போன்ற திருப்பங்களில் மக்கள் புதிய முயற்சிகளை அதிகம் தொடங்குகிறார்கள் என்பதை 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் கண்டது. அண்டை வீட்டாரின் புத்தாண்டையும் சேர்த்தே எண்ணும் நமக்கு அது புதிய செய்தியன்று.

இவ்வாண்டு நான் எடுத்திருப்பது சற்று வழக்கத்துக்கு மாறான தீர்மானம். வாரத்துக்கு ஒன்றாக, மறைந்துபோன தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஏதேனும் ஒன்றை என் தாயாரிடம் கேட்டு எழுதி வைப்பது. எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எங்கே நின்றது, காளியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கு எத்தனை வெள்ளி வரி என்பன போன்றவை. அவருக்கு உடல் இயலாத வாரத்தில் கேள்வி கிடையாது. அன்று நாளிதழ் படித்துக் காட்டுவது மட்டுமே. முதல் வாரத்திலேயே நான் அறியாத ஒன்றைச் சொன்னார். 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட அக்காலத்தில், தொழிலாளர்களே தோட்டங்களை வாங்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று தவணைக்கு 10 வெள்ளி வீதம் பங்கு சேர்த்த வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்த என் தாயார், அந்த 10 வெள்ளிக்காக ஒரு மைலோ டின்னில் காசு போடத் தொடங்கினாராம். மரம் நன்றாகப் பால் கொடுத்த மாதத்தில் டின் நிறையும். மழையிலும் இலையுதிர் காலத்திலும் அடியிலேயே கிடக்கும். என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டபோது முழுவதும் காலியானது. "காலியானா என்ன, டின்ன நான் தூக்கிப் போடலியே" என்றார். டின்னின் மூடியில் காசு போடுவதற்கு வெட்டிய பிளவை உளியின் முனையால்தான் போட்டதாகவும், அதற்காகத் தம் தந்தையிடம் திட்டு வாங்கியதாகவும் சொல்லி, கட்டைவிரலால் காற்றில் அந்தப் பிளவின் நீளத்தைக் காட்டினார். ஓராண்டு முழுவதும் தவறாமல் எழுதினால் 52 பக்கங்கள் சேரும். தவறினால் 30 சேரும். இந்த ஒரு பக்கமே இவ்வாண்டுக்குப் போதும் என்றாலும் நான் நிறுத்தப் போவதில்லை.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஜனவரியில் தீர்மானங்களை வெளியிட்டதைப் போல, சித்திரை முதல் நாள் இதழிலும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். யார் சாதித்தார்கள், யார் தோற்றார்கள் என்று கேட்க வேண்டாம். எத்தனை மழை நாள் வந்தது, அன்று என்ன செய்தீர்கள், தீர்மானத்தில் எதைத் திருத்திக்கொண்டீர்கள் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் படிப்பேன் என்று எழுதியிருந்த அந்த மாணவரும், சீனியைத் தொடமாட்டேன் என்று எழுதியிருந்த அந்த வாசகரும் அப்பக்கத்துக்கு மீண்டும் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். அதை நான் என் தாயாருக்குப் படித்துக் காட்டக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.